பத்து கிராமும் ஒரு கோட்டரும்

ஒரு கோட்டர் பாட்டிலில் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஆல்கஹாலின் அடர்த்தி 0.789. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 61 கிராம் தூய ஆல்கஹால் வரும். எங்கள் ஆய்வுக்குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இந்தக் கணக்கைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். மதுவின் தீமையைப் பற்றி ஒரு வார்த்தையும் அன்றைக்குப் பேசமாட்டேன். அதைப் பேசத் தமிழ்நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அளப்பதற்குத்தான் ஆள் கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள். ஆஸ்திரேலியா, நார்வே, அமெரிக்கா, மெக்சிகோ, கென்யா, பல்கேரியா என்று ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்து 1989இல் வெளியிட்டார்கள். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே அவர் கவனிக்கப்பட வேண்டியவர். அதில் ஒரு 'டிரிங்க்' என்றால் 10 கிராம். 'ஒரே சமயத்தில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிப்பீர்கள்?' என்று கேட்கிறது மூன்றாவது கேள்வி. இதைத் தயாரித்தவர்கள் மனதில் ஆறு என்றால் கட்டுமீறிய ஒரு ராத்திரி. எங்கள் ஊரில் ஆறு என்றால் ஒரு கோட்டர். "நான் அளவாத்தான் மேடம் குடிப்பேன், ஒரு கோட்டரோட நிறுத்திக்குவேன்" என்று சொல்லும் கொத்தனார் பொய் சொல்லவில்லை. கடையில் அவர் கைக்கு வருகிற மிகச் சிறிய பாட்டிலே அதுதான். மூடியைத் திறந்துவிட்டால் மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்.

இதில் கட்டிங் வேறு. கையில் முழுக் காசு இல்லாத இருவர் கடை வாசலிலேயே சேர்ந்து ஒரு கோட்டரைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆளுக்கு 30 கிராம். பாட்டில்களையும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் படமெடுத்து அட்டையாகச் செய்து களப்பணியாளர் கையில் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு உருப்படியான பதில் வர ஆரம்பித்தது. 'சராசரியாக எவ்வளவு?' என்று கேட்டால் எல்லோரும் எப்பவாவதுதான் குடிக்கிறார்கள். "நேத்து? அதுக்கு முந்தின நாள்? கடைசியா என்னிக்குச் சம்பளம் வாங்கினீங்க, அன்னிக்கு?" என்று நாள் நாளாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அதுவும் அம்மாவோ மனைவியோ கேட்கும் தூரத்தில் இருந்தால் கேள்வித்தாளை மூடிவிட்டு மழை, விலைவாசி என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவது உத்தமம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஹவுஸ் சர்ஜனாக ஆண்கள் மருத்துவ வார்டில் இருந்தேன். முப்பத்தைந்து, நாற்பது வயது ஆட்கள். கண்ணில் மஞ்சள், மெலிந்த கைகால், நீர் கோத்துப் பெருத்த வயிறு. கேஸ் ஷீட்டில் 'டி.சி.எல்.டி.' என்று நான்கு எழுத்தில் எழுதுவோம்; ஈடுகொடுக்க முடியாமல் போய்விட்ட கல்லீரல். ஊசி போட்டு நீரை எடுப்போம், பத்து நாளில் அனுப்புவோம், அடுத்த மாதம் திரும்பி வருவார்கள். கட்டிலுக்குக் கீழே தூக்குச்சட்டியோடு மனைவி உட்கார்ந்திருப்பார். ஒரு கட்டத்தில் அந்த முகம் வருவது நின்றுவிடும். எங்கே போனார் என்று கேட்கிற பதிவேடு எதுவும் வார்டில் கிடையாது. மேற்படிப்புக்குச் சமூக மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தபோது கூடப் படித்தவர்கள் "கக்கூஸ் எண்ணுற டிபார்ட்மென்டுக்கா போறே?" என்று சிரித்தார்கள். எண்ணுவதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நூலகத்தில் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1985இல் எழுதிய கட்டுரை கிடைத்தது. அதிக ஆபத்தில் இருக்கும் சிலரைவிட, குறைந்த ஆபத்தில் இருக்கும் பெருங்கூட்டத்திலிருந்துதான் ஒரு நோயின் பெரும்பகுதி வரும் என்பது அவர் வாதம். நார்மன் க்ரீட்மன் 1986இல் அதை மதுவுக்குப் பொருத்திக் காட்டினார். அதற்கெல்லாம் முன்பே, 1956இல், சல்லி லெடர்மன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சமூகத்தின் மொத்தக் குடி ஏறும்போது பெருங்குடியர்களின் எண்ணிக்கையும் கூடவே ஏறும் என்று கணிதத்தில் எழுதிவைத்தார். அவருடைய சூத்திரத்தில் பிற்பாடு ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள், அடிப்படை நிலைத்து நின்றது. ரோட்டோரம் விழுந்துகிடப்பவரைப் பார்த்து 'குடிகாரன்' என்று ஒதுங்கிப் போகிற பழக்கம் எனக்கும் இருந்தது. அந்தக் கட்டுரைகளுக்குப் பிறகு, விழாமல் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்தான் என் ஆய்வுப் பொருளானார்.

அவரை எண்ணுவது எளிதல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது ஆண்களில் 46.7 சதவீதம் பேர் குடிப்பவர்கள். அடுத்த சுற்றில், 2019-21இல், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம். வயது வரம்பு மாறியிருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் இந்தச் சுற்றின் களப்பணி கொரோனாவில் மாட்டிக்கொண்டது. இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் குடிக்கும் ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் குடியை விட்டுவிட்டார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. அதே வருடங்களில் விற்பனை வருமானம் ஏறிக்கொண்டேதான் போனது. விலையேற்றம் அதில் ஒரு பகுதியை விளக்கும், முழுவதையும் விளக்காது. உலகம் முழுவதும் மக்கள் சர்வேயில் சொல்லும் அளவு விற்ற அளவைவிடக் குறைவாகவே வரும். சரிபாதி தேறினாலே எங்கள் வட்டாரத்தில் நல்ல சர்வே என்று பேசிக்கொள்வோம். பெண்களுக்கு அந்த 2019-21 சுற்றில் வந்த எண் 0.3 சதவீதம். செங்கல் சூளைகளிலும் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளிலும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தவர்கள் இந்த எண்ணைப் பற்றி என்ன நினைப்பார்களோ, அதையேதான் நானும் நினைக்கிறேன்.

மறுபக்கம், பணம். அந்தக் கணக்கு மட்டும் தப்பவே தப்பாது. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு நீங்கியது, அந்த வரி நீங்கவில்லை. 1971இல் திறப்பு, 1974க்குள் மறுபடி மூடல், 1981இல் திறப்பு, 1983இல் மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக், 1987இல் சாராயத்துக்கும் கள்ளுக்கும் தடை, 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதற்கும் தடை என்று கதவு ஆடிக்கொண்டே இருந்தது. 2003 நவம்பர் 29 அன்று சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்ட பிறகு ஆட்டம் நின்றது. 2003-04இல் 3,639 கோடி ரூபாய். 2024-25இல் 48 ஆயிரம் கோடிக்கு மேல். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மதுவை அதற்கு வெளியே விட்டுவிட்டதால், ஒரு மாநிலம் டெல்லியைக் கேட்காமல் வரியை ஏற்றி இறக்கக்கூடிய மிகச் சில பொருட்களில் ஒன்றாகவும் அது ஆகிவிட்டது. தீபாவளி மறுநாள் காலையிலேயே மண்டலவாரியாக எத்தனை கோடி என்று பத்திரிகையில் வந்துவிடுகிறது. அந்த இரவு எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை வீட்டில் அடி விழுந்தது என்ற கணக்கு அடுத்த தீபாவளிக்கும் வராது.

ஒரு கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "மேடம், இந்தப் பக்கம் எங்கிட்ட ஒரு நம்பர் இருக்கு. அந்தப் பக்கத்துக்கும் ஒரு நம்பர் கொடுங்க, பேசுவோம்." கிண்டலாகச் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது. அந்தப் பக்கத்து நம்பரைத் தேடிப் போனதுதான் பிறகு என் பிழைப்பே ஆனது.

அது எங்கே தொலைகிறது என்று சொல்கிறேன். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு பைக் விபத்தில் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். டியூட்டி டாக்டர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போட வேண்டும். மூச்சில் மது வாடை இருந்தால் அதிலே எழுதலாம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். பக்கத்தில் நிற்கிற மைத்துனர் கெஞ்சுகிறார்: "குடிச்சிருந்தாருன்னு மட்டும் எழுதிடாதீங்க டாக்டர், இன்சூரன்ஸ் க்ளெய்ம் போயிடும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்." டாக்டர் எழுதாமல் விடுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இரண்டு பிள்ளைகளும் உண்மைதானே. ஆனால் அந்த வெற்றிடத்தோடு ஒரு விபத்து மதுவின் கணக்கிலிருந்து நழுவிப்போய், 'அதிவேகம்' என்ற தலைப்பில் சேர்ந்துவிடுகிறது.

மரணச் சான்றிதழ் இதைவிட மோசம். கல்லீரல் கெட்டு ரத்த வாந்தி எடுத்து இறந்தவருக்கும் 'இதயமும் சுவாசமும் நின்றதால்' என்று காரணம் எழுதுகிறார்கள். உலகத்தில் இறந்த அத்தனை பேருக்கும் பொருந்துகிற காரணம் அது! கிராமத்தில் வீட்டிலேயே இறந்தால் நெஞ்சுவலி, அவ்வளவுதான். அதனால் நாங்கள் வீடு வீடாகப் போய், இறந்தவரின் கடைசி மாதங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி, இரண்டு மருத்துவர்களைத் தனித்தனியாகப் படிக்கவைத்து, காரணத்தை முடிவுசெய்கிறோம். இதற்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று பெயர். பெரும்பாலும் பேசுவது மனைவிதான். "அவரு குடிப்பாரு, ஆனா நல்லவரு டாக்டரம்மா" என்று தொடங்குவார்கள். அந்த 'ஆனா'வைத் தாண்டி உள்ளே போக ஒரு மணி நேரமாவது ஆகும். நகை எப்போது அடகுக்குப் போனது, மூத்தவன் எந்த வகுப்பில் படிப்பை நிறுத்தினான், கால் எப்போது வீங்கியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பல பெண்களுக்குக் கணவரின் நோய் தொடங்கிய தேதி மறந்துபோயிருக்கும். தாலிக்கொடி அடகுக்குப் போன தேதி துல்லியமாக நினைவிருக்கும். எங்கள் கேள்வித்தாளில் நகை அடகு பற்றி ஒரு கேள்வி இருப்பதைப் பார்த்து வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவர் 'இது எதற்கு?' என்று எழுதியிருந்தார். நோயின் காலவரிசைக்கு இதைவிட நம்பகமான சாட்சி இல்லை என்று பதில் எழுதினோம்.

கடைகளின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறிப்பது இன்னொரு வேலை. ஒரு பெண் நோட்டுப்புத்தகத்தோடு டாஸ்மாக் எதிரில் நின்றால் முதலில் மறியல் என்று நினைப்பார்கள், அடுத்து ரெய்டு என்று. சூப்பர்வைசர்கள் பலர் பட்டதாரிகள், தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். டீ வாங்கிக் கொடுத்து, எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று என்னைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். திறந்தவுடன் வருகிற முதல் வரிசை கைநடுக்கத்தோடு வருகிறவர்கள் என்பதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. 2016இல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்குத் தள்ளிப்போனது. அந்த முதல் வரிசையின் இரண்டு மணி நேரம் என்ன ஆனது? அளந்திருந்தால் உலகத்துக்கே பயன்பட்டிருக்கும். யாரும் அளக்கவில்லை.

இந்த இடத்தில் ஸ்வீடனைச் சொல்லியாக வேண்டும். அங்கேயும் சில்லறை விற்பனை அரசின் ஏகபோகம். சிஸ்டம்போலாகெட் என்று பெயர். ஞாயிறு விடுமுறை, சனி பிற்பகலில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். சனிக்கிழமைகளில் கடை திறக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது 2000ஆம் ஆண்டில் சில மாவட்டங்களில் மட்டும் திறந்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு என்னவானாலும் அளந்துவிட்டுச் செய்வது என்ற பழக்கத்தைத்தான் நான் பொறாமையோடு பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2016இல் 500 கடை, 2017இல் 500, 2023இல் 500 என்று மூடினார்கள். எந்த 500 என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். மூடிய ஊரையும் மூடாத ஊரையும் ஒப்பிட்டு ஒரு வருடத்தில் பதில் சொல்லியிருப்போம். விற்பனை ஏகபோகம் அரசின் கையில் இருக்கும்போது விலை, நேரம், கடைகளின் அடர்த்தி மூன்றும் அதன் கையில்தான். உலக சுகாதார நிறுவனம் எல்லா அரசுகளையும் பிடிக்கச் சொல்லும் கடிவாளம் அதுதான். எங்களிடம் கடிவாளம் இருக்கிறது, அதைக் கல்லாப்பெட்டியைக் கட்டத்தான் பயன்படுத்துகிறோம்.

தானாக வந்த பரிசோதனைகளும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. எங்களுக்குப் பொற்காலம் என்று நினைத்தேன். மூடிய கடைகள் ஊருக்குள், பள்ளிக்கூடத் தெருவுக்குள் இடம் தேடின. பெண்கள் மறியலில் இறங்கினார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் போலீஸ் தடியடி நடத்தியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. விபத்து குறைந்ததா என்று பார்க்கப் போன நான், கடை எந்த வாரம் எந்தத் தெருவுக்குப் போனது என்று துரத்திக்கொண்டிருந்தேன். அந்த நிதியாண்டில் வருமானம் சற்றே சறுக்கியது. அடுத்த ஆண்டே 31 ஆயிரம் கோடியைத் தாண்டியது.

இன்னொன்று 2020 ஊரடங்கு. மார்ச் கடைசியிலிருந்து மே 7 வரை மாநிலம் முழுவதும் ஒரு கடைகூட இல்லை. முதல் வாரத்திலேயே வார்டுகளுக்கு நடுக்கமும் வலிப்பும் பிதற்றலுமாக வரத் தொடங்கினார்கள். தினமும் குடித்த உடம்புக்கு மது திடீரென்று நிறுத்தப்பட்டால் இரண்டு மூன்று நாளில் இது வரும், சிகிச்சை இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்து இறந்தவர்களின் செய்தியும் வந்தது. முன்னறிவிப்பின்றி முழுதாக மூடுவதை நான் ஆதரிக்காததற்கு இது ஒரு காரணம். அதே ஊரடங்கைப் பற்றி விழுப்புரம் பக்கத்தில் ஒரு பெண் சொன்னதும் என் குறிப்பேட்டில் இருக்கிறது: "வேலையில்ல, காசில்ல, ரேஷன் அரிசிதான். ஆனா அந்த ஒன்றரை மாசம் ராத்திரி பயமில்லாமத் தூங்கினோம்." இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினேன். மதுவிலக்குக்காரர்கள் பாதியைப் பகிர்ந்தார்கள், எதிர்ப்பாளர்கள் மீதியை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், பிறகு உயிரை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு பத்து லட்சம் அறிவித்தது. தொலைக்காட்சிகளிலிருந்து எனக்கும் அழைப்பு வந்தது: "பூரண மதுவிலக்கு வேணுமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம்." பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு இருந்தும் அங்கே கள்ளச்சாராயச் சாவு நிற்கவில்லை என்று ஒருவர் ஆரம்பிப்பார், கடையைத் திறந்துவைத்தும் கள்ளக்குறிச்சி நடந்ததே என்று இன்னொருவர். இரண்டும் உண்மை என்பதால் விவாதம் முடியாது. எனக்குத் தரப்பட்ட இரண்டு நிமிடத்தில், லைசென்ஸ் பெற்ற சரக்கைக் குடித்துக் கல்லீரல் கெட்டு இறப்பவர்களுக்குக் காசும் இல்லை, கேமராவும் இல்லை என்று சொன்னேன். நெறியாளர் விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டார். உலக அளவில் 2019இல் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒவ்வொருவராக, ஒரு வார்டின் மூலையில் போனவர்கள்.

கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து "ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதாமே?" என்று கேட்கும் மாமாக்களுக்கு ஒரு சிறு பதில் உண்டு. பழைய ஆய்வுகளில் 'குடிக்காதவர்' கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களையும் சேர்த்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாருமே ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். பெரும்பாலான மாமாக்கள் கேள்வியோடு போய்விடுவார்கள்.

செய்யக்கூடியவை பற்றி எனக்கு நம்பிக்கைக் குறைவு இல்லை. கோவாவில், மனநல மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில அமர்வுகள் பேசவைத்தே பெருங்குடியைக் குறைக்க முடிந்ததை 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தில் மது நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் எதிர்த்தும் 2018இல் குறைந்தபட்ச விலை வந்தது. மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்தன என்று மதிப்பிட்டார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980லேயே குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒரு மையம் தொடங்கினார். அப்போது அரசு மருத்துவமனைகளில் குடியை நோய் என்று சொன்னவர்களே குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பது போல மூன்றே கேள்வி கேட்டால் போதும் என்று பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் மேஜையில் இருப்பது வேறொரு வேலை. மலைப்பகுதிகளில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் தந்துவிடுவார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எந்தக் கடையில் எத்தனை பாட்டில் விற்றது, எத்தனை திரும்பியது என்று கடைவாரியாக ஒரு பதிவு இதனால் உருவாகிறது. கடையடியிலேயே குடித்தது எவ்வளவு, வீட்டுக்கும் காட்டுக்கும் போனது எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்க இது போதும். யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டாம். அந்தப் பதிவு கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். 'எந்த நோக்கத்துக்காக?' என்று ஒரு வரிக் கடிதம் வந்திருக்கிறது. பதிலை எங்கள் குழுவின் இளைய ஆய்வாளர் தயாரிக்கிறாள். முதல் வரியில் யானையைக் குறிப்பிடலாமா, நேராகக் கல்லீரலிலேயே தொடங்கலாமா என்று இரண்டு நாளாக எங்களுக்குள் வாக்குவாதம். யானைதான் சீக்கிரம் கையெழுத்து வாங்கித் தரும் என்பது அவள் கட்சி.